சாக்கு நிற மண்டபம்

சாலை, திருவனந்தபுரம்
13 செப்டம்பர் 2025, சனிக்கிழமை

அன்புள்ள லிஜோ அண்ணனுக்கு,

சாலைச் சந்தையிலிருந்து ஜிஜி. இங்கே எல்லாரும் நலம், உங்கள் அம்மாவும் நலம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் கையெழுத்தில் ஒரு உறை வந்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுவீர்கள், இல்லாவிட்டால் உள்ளே செத்த பல்லி இருக்கும் என்று சந்தேகப்படுவீர்கள். பல்லி இல்லை. போன தடவை வைத்ததும் ரப்பர் பல்லிதான்.

வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் எதற்கு இத்தனை தாள் என்று கேட்பீர்கள். மாமியின் உத்தரவு. "போன்ல சொன்னா அவன் இடையில கேறிப் பேசுவான் பிள்ளே. எழுத்துன்னா முடியுற வரைக்கும் கேட்டுத்தானே ஆகணும்" என்றார். ஆகவே கை என்னுடையது, காரியம் உங்கள் அம்மாவுடையது. அவர் இப்போது எனக்கு எதிரே, உங்கள் வீட்டு வாசலில், கிழிந்த அரிசிச் சாக்குகளைக் குவித்துப் போட்டுக் கோணூசியால் தைத்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன எழுதுகிறேன் என்று வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. "உள்ளதை எழுது, ஒனக்க வேலைத்தரத்தைக் காட்டாதே" என்றார். முதல் பாதிக்கு மட்டும் நான் உறுதி தருகிறேன், குறும்புக்கு இல்லை.

முதலில் என் குற்றம்.

ஜெர்மனிக்குப் போவதற்கு முந்தின வாரம், கிழக்கேகோட்டையில் மழையில் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நின்றோமே, அன்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ரோட்டின் அந்தப் பக்கம் ஏதோ ஒரு கட்சியின் ரத்தசாட்சி மண்டபம், கட்சிக்காக உயிர்விட்ட யாரோ ஒருவருக்காக, டைல்ஸ் ஒட்டி, கூரை போட்டு நின்றது. "இந்த ஊர்ல செத்தவனுக்குத்தான் கூரை. பஸ்ஸுக்கு நிக்கிறவனுக்கு இல்லை. எண்ணிப் பாரு ஜிஜி, ஜங்ஷனுக்கு ஒண்ணு" என்றீர்கள். நான் எண்ணினேன். சாலையிலிருந்து என் பள்ளிக்கூடம்வரை பதினொன்று. பதினொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு கொடி, வருஷத்தில் ஒரு நாள் மைக் செட்.

அப்போதுதான் எனக்கு ஒரு பன்னிரண்டாவது தோன்றியது.

ஆகஸ்டு பதினேழு, ஞாயிறு. சந்து முழுக்க ஷட்டர். பாதிப் பேர் சபைக்கும் மீதிப் பேர் உறக்கத்துக்கும் போயிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல், அதாவது வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தேன். கூட்டாளி மாளவிகா, ஸ்ரீவராகத்துக்காரி, என் வகுப்பு. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பட்டுப்பாவாடையில் சைக்கிள் மிதித்து வந்தாள். அப்பாவின் கயிற்றுக்கடைப் பின்கட்டில் மராமத்துக்கு வாங்கி மிஞ்சிய செங்கலும் அரை மூட்டை சிமெண்டும் கிடந்தன. யூடியூபில் ஒரு கொத்தனாரைக் குருவாக ஏற்றுக்கொண்டோம். இடமும் தயாராக இருந்தது: எங்கள் கடைக்கும் கீழ்ச்சந்து யூனியன் கொட்டகைக்கும் நடுவில், ஓடை ஓரத்தில், இரண்டு முழம் காலி இடம் உண்டல்லவா, அங்கே. சாலையில் ஒரு சாண் கிடைத்தால் நாலு பேர் கூடை வைப்பார்கள். அந்த இரண்டு முழம் மட்டும் எப்போதும் சும்மா கிடக்கும். எங்களுக்காகவே கர்த்தர் ஒதுக்கி வைத்தது என்று நினைத்தேன்.

கட்டுவது சுலபமாக இருந்தது. பூசுகிற நிறத்தில்தான் திணறிவிட்டோம். எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத நிறம் வேண்டும். சிவப்பு போய்விட்டது. காவி போய்விட்டது. பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. வெள்ளையில்கூடக் கதர் வாசனை. "ஏண்டி, வானவில்லையே பாகம் பிரிச்சுண்டுட்டாளா?" என்றாள் மாளவிகா. கடைசியில் பின்கட்டில் கிடந்த பழைய பெயிண்ட் டின்களையெல்லாம் ஒரே வாளியில் கவிழ்த்துக் கலக்கினோம். வந்தது அச்சு அசலாகச் சாக்கின் நிறம். எல்லாக் கட்சியையும் கலக்கினால் கடைசியில் மிஞ்சுவது சாக்குதான் என்று சொல்லிச் சிரித்தோம்.

இடுப்பளவு உயரம். உச்சியில் கடப்பைக் கல் துண்டு ஒன்று. அதில் மாளவிகா மலையாளத்திலும் நான் தமிழிலும் எழுதினோம்:

'இந்த இடத்தில் யாரும் எதற்காகவும் உயிர்விடவில்லை. நிம்மதியாகக் கடந்து செல்லுங்கள்.'

இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது அண்ணா. அன்று கூசவில்லை. கொடியில்லாத மனிதனைப் பற்றி நீங்கள் ஆராய்ச்சி செய்கிறீர்கள், இதோ உங்களுக்கு ஒரு கொடியில்லாத மண்டபம் என்று படம் எடுத்து அனுப்பத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் நடந்தது அதைவிடச் சுவாரசியமாக இருந்ததால் காத்திருந்தேன்.

திங்கள் காலை முதல் லாரியில் மூட்டை இறக்க வந்த சுமட்டுக்காரர் ஒருவர் அதன் முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றினார். தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டார். நான் கடைக்குள் வாளி அடுக்கின் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு பிச்சிப்பூ மாலை. புதன்கிழமை மூன்று. மேல்ச்சந்து யூனியன் செக்ரட்டரி வந்து பார்த்துவிட்டுப் போனார். கீழ்ச்சந்து யூனியன் செக்ரட்டரி, அதாவது நீங்கள் பெயரைக்கூடச் சொல்ல விரும்பாத திரவியம் மாமன், வலது காலை இழுத்துக்கொண்டு வந்து வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார். யார் கட்டியது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இதில் உச்சம் என் அப்பா. தன் செங்கல், தன் சிமெண்ட், தன் பெயிண்ட், எதையும் அடையாளம் தெரியாமல், கடை திறக்க வருகிறபோதெல்லாம் அதன் முன்னால் தலையைத் தாழ்த்திவிட்டு வந்தார். சத்தியநேசன் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படி ஏமாறலாமா என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பத்து நாளாயிற்று. ஒரு ஆள்கூடக் கல்லை வாசிக்கவில்லை. என் நோட்டில் உங்களுக்காக ஒரு தத்துவமே எழுதி வைத்தேன்: 'மனிதர்கள் வாசகத்தை வணங்குவதில்லை, வடிவத்தைத்தான் வணங்குகிறார்கள். கண்டுபிடித்தது: ஜிஜி, பிளஸ் டூ, வணிகவியலில் மைனஸ்.' உங்கள் லைப்சிக் பேராசிரியர்களிடம் இதைச் சொல்லி எனக்கு ஒரு பட்டம் வாங்கித் தரும்படி கேட்கவும் இருந்தேன்.

பதினோராம் நாள். ஓணச் சந்தை, சந்தில் கால் வைக்க இடமில்லை. உங்கள் அம்மா தைத்த சாக்குகளைக் கடை கடையாகக் கொடுத்துக்கொண்டு வந்தவர் மண்டபத்தின் முன்னால் நின்றார். மற்றவர்களைப்போல் தலை தாழ்த்தவில்லை. குனிந்தார். விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, சபையில் சங்கீதம் வாசிப்பதுபோல் உதடு அசைய வாசித்தார். முழுக்க வாசித்தார். அப்புறம் தலைச்சுமையிலிருந்து ஒரு நல்ல சாக்கை எடுத்து உதறி, அந்த மண்டபத்தின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தார். மடியிலிருந்து கோணூசியை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, அடியில் சுற்றி வளைத்துத் தைத்துவிட்டார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவரைச் சுற்றிப் போயிற்று. தைத்து முடித்து நூலைக் கடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று தெரியாமலே வரவில்லை.

சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். சும்மா வந்ததுபோல் சாக்குகளை எண்ணத் தொடங்கினேன். அவர் ஊசியிலிருந்து கண் எடுக்காமல் கேட்டார்: "நீ எழுதினதா பிள்ளே?"

"எதை மாமி?"

"உருட்டாதே. 'நிம்மதியாகக் கடந்து செல்லுங்கள்'னு இந்தச் சந்துல வேற யாரு எழுதுவா?"

ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுதி வச்சிருக்கது பொய்யாக்கும்" என்றார்.

அண்ணா, இனி வருவதை நீங்கள் உட்கார்ந்து வாசியுங்கள். மாமி சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன்.

1998 ஜூன். நீங்கள் பதினொரு மாதக் குழந்தை. சந்துக்குள் ஒரு அரிசி லாரி வந்து நின்றது. இறக்குகிற உரிமை எங்களுக்கு என்றது மேல்ச்சந்து யூனியன். எங்களுக்கு என்றது கீழ்ச்சந்து யூனியன். ஏற்கெனவே ஆறு மாதமாக அவர்களுக்குள் பகை, இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரியில் ஆள் கிடந்திருந்தது. அன்று மழையோடு அடி தொடங்கியது. உங்கள் அப்பா ராஜையன் மாமன் மேல்ச்சந்து. திரவியம் மாமன் கீழ்ச்சந்து. அவருக்கு அப்போது இருபத்தொரு வயது, யூனியனில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. லாரிப் பலகையால் அடித்து அவர் காலை உடைத்துக் கீழே தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்கள் உங்கள் அப்பாவின் ஆட்கள். விழுந்த பிறகும் நிறுத்தவில்லை.

"அவரு உள்ளே புகுந்தாரு" என்றார் மாமி. "சாக்கு எடுக்கது மாதிரி அந்தச் செறுக்கனை எடுத்துத் தோளில போட்டுட்டு ரோட்டைப் பாத்து நடந்தாரு. மேல்ச்சந்துக்காரன் நெனச்சான், இவன் எதிராளியைக் காப்பாத்துகான்னு. கீழ்ச்சந்துக்காரன் நெனச்சான், நம்ம பயலைக் கொல்லக் கொண்டுபோறான்னு. பின்னாலேருந்து தலையில ஒரு அடி. எந்தப் பக்கத்து அடின்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அடிச்சவனுக்குத் தெரியும். அவன் சொல்லல்ல."

தோளில் இருந்ததை அவர் கீழே போடவில்லை. அப்படியே நடந்து, ஆட்டோவில் ஏற்றி, ஜெனரல் ஆஸ்பத்திரி என்று சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து எங்கள் கடை ஓரத்தில், ஓடைப் பக்கம் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொண்டு வந்து கொடுத்தது என் அப்பாவாம். குடிக்கவில்லையாம்.

அந்த இரண்டு முழம்தான்.

இருபத்தேழு வருஷமாக அங்கே யாரும் கூடை வைக்காதது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாரும் பேசி முடிவு செய்யவில்லை, பலகை வைக்கவில்லை. சாலையில் ஒரு சாணுக்கு வழக்கு நடக்கிற இடத்தில் அத்தனை பேரும் அதைச் சுற்றியே நடந்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றியவர், மாலை போட்டவர்கள், தலை தாழ்த்திய என் அப்பா, யாரும் ஏமாறவில்லை அண்ணா. ராஜையனுக்குக் கடைசியில் யாரோ ஒன்று கட்டிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். யாரோ செய்தார்கள், நாம் செய்யவில்லையே என்ற வெட்கத்தில் ஒருவரையொருவர் கேட்கவில்லை. அவர்களுக்குக் கல்லை வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. என்ன எழுதியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாதது எனக்குத்தான். நோட்டில் அந்தத் தத்துவப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

அப்பாவிடம் கேட்டேன், ஏன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை என்று. "லிஜோவுக்க அம்மா ராஜபாய் சொல்லண்டாம்னு சொன்னா. சந்து முழுக்க வாக்குக் குடுத்தோம்" என்றார். அவ்வளவுதான். வாளியைத் துடைக்கப் போய்விட்டார்.

வாக்கு என்றால் என்ன வாக்கு என்று மறுநாள் மாமியிடமே கேட்டேன். இந்தப் பகுதிதான் அவர் போனில் சொல்ல முடியாதது.

பிணவறை வாசலுக்கு இரண்டு யூனியன் தலைவர்களும் வந்திருக்கிறார்கள், தனித்தனியாக. தங்கள் தங்கள் ஆட்களோடு. யார் கொன்றது என்று ஒவ்வொரு பக்கமும் மறுபக்கத்தைக் கைகாட்டியது. இன்று ராத்திரிக்குள் பதிலுக்கு ஒன்று என்று இரண்டு கூட்டத்திலும் பேச்சு. போலீஸ்காரர் நோட்டைத் திறந்து மாமியிடம் மலையாளத்தில் கேட்டாராம், அடித்தார்களா, விழுந்தாரா என்று. மாமிக்கு இருபத்து நாலு வயது. இடுப்பில் நீங்கள், அவர் கழுத்துச் சங்கிலியைச் சப்பிக்கொண்டிருந்தீர்களாம்.

"லாரியிலேருந்து வழுக்கி விழுந்தாருன்னு சொன்னேன்" என்றார்.

சொல்லிவிட்டு இரண்டு தலைவர்களையும் கூப்பிட்டு, பிணத்தைத் தொடுவதற்கு முன்னால், இனி சந்துக்குள் ஒரு ஆளும் கம்பு எடுக்கக்கூடாது, எடுத்தால் அன்றைக்கே போலீசிடம் உள்ளதைச் சொல்லுவேன் என்றாராம். அவர்கள் தலையாட்டினார்கள். கதை நம்பும்படியாக இருக்கட்டும் என்று குடித்திருந்தார் என்பதை யாரோ சேர்த்தார்கள். உங்கள் அப்பா வாழ்நாளில் குடித்தது கஞ்சியும் சாயாவும்தான். மாமி அதை மறுக்கவில்லை.

நான் கேட்டேன்: "லிஜோ அண்ணன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாமி?"

அவர் ஊசியை நிறுத்தினார். "அப்பனைக் கொன்னவன் ஒருத்தன் உண்டுன்னு தெரிஞ்சா, பிள்ளை ஒரு பக்கம் போய் நிக்கணும். அவன் ஒரு பக்கம் நின்னா, மறுபக்கம் ஒரு வீட்டுல பிணம் விழணும். அதுக்கு அவன் அப்பனைக் கொறச்சு நெனச்சாப் போதும்னு விட்டேன். ஒரு ஆளைக் கொறச்சு நெனச்சா ஆரும் சாகல்ல, இல்லியா?"

அண்ணா, போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை மாமிக்குத் தமிழில் சொல்லிக் காட்டியவள் நான்தான். 'எந்தக் கொடிக்குக் கீழே உழைத்தாரோ அந்தக் கொடிக்குக் கீழேயே குடித்துவிட்டு லாரியிலிருந்து விழுந்தவரின் மகன் நான்' என்று தொடங்குவீர்களே. அந்த வரியை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். நான் பெருமையாக, குரலை ஏற்றி, இரண்டாம் தடவையும் சொன்னேன். "நல்லா எழுதியிருக்கான். அவனுக்க அப்பாவுக்கும் இப்படித்தான், தொடங்கினா நிறுத்தாம பேச்சு வரும்" என்றார். என்றுவிட்டு அடுத்த சாக்கை எடுத்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேனா என்று இப்போது யோசிக்கிறேன். பார்க்கவில்லை.

தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் கொடி தைக்கத் துணியோடு வருவார்களே, மாமி விரல் வலி என்று திருப்பி அனுப்புவாரே, ஞாபகம் இருக்கிறதா? சாக்குத் தைக்கும்போது வராத வலி கொடிக்கு மட்டும் எப்படி வருகிறது என்று நாம் இரண்டு பேரும் கேலி செய்வோம். நீங்கள் அதற்கு 'ஓரவஞ்சனை வாதம்' என்று பெயர்கூட வைத்தீர்கள்.

எங்கள் கடைப் படியில் உட்கார்ந்து நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஆதியில் எல்லாரும் எல்லாரோடும் அடித்துக்கொண்டார்கள், ஒருநாள் களைத்துப்போய்க் கம்புகளைக் கீழே வைத்து ஒப்பந்தம் செய்தார்கள், அதிலிருந்து அரசு வந்தது என்பது. நான் அப்போது எட்டாம் வகுப்பு. அந்த ஒப்பந்தப் பத்திரம் எந்த மியூசியத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "அது ஒரு கற்பனைடீ, உண்மையில அப்படி ஒரு நாள் வரவே இல்லை" என்று என் தலையில் குட்டினீர்கள்.

வந்திருக்கிறது அண்ணா. 1998 ஜூனில், பிணவறை வாசலில். போட்டது நாலாம் வகுப்புவரை படித்த ஒரு சாக்குத் தையல்காரி. பத்திரம் கிடையாது, அரசும் கிடையாது. ஒரே ஒரு பொய், அதைக் காப்பாற்ற அவர் கொடுத்தது தன் புருஷனின் நல்ல பெயர். இருபத்தேழு வருஷமாக இந்தச் சந்தில் ஒரு கம்பும் எழும்பவில்லை. நான் இதே சந்தில் பிறந்து, இதே சந்தில் ஓடி விளையாடி, அந்த அமைதியைக் காற்றுபோல இலவசம் என்று நினைத்திருந்தேன். இப்போது மாமி நடந்து வந்தால் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது. நேற்று நின்றும்விட்டேன். "என்ன பிள்ளே, மூட்டைப்பூச்சி கடிச்சுதா?" என்று கேட்டார்.

அடுத்து நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

சாக்குப் போட்டு மூடிய மறுநாள் திரவியம் மாமன் அதன் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பகல் பதினொரு மணி, லாரி காத்து நிற்கிறது, யூனியன் செக்ரட்டரி ஓடை ஓரத்தில் உட்கார்ந்து அழுகிறார். வாக்கு அதோடு உடைந்துபோயிற்று. சாயாக்கடை முழுக்க ஒரே பேச்சு. புதிதாக வந்த சின்னப் பயல்களுக்கு அன்றுதான் விஷயமே தெரிய வந்தது.

தெரிந்ததும் என்ன ஆயிற்று என்று ஊகியுங்கள். ஓணம் கழிந்த திங்கட்கிழமை மேல்ச்சந்து யூனியன்காரர்கள் மாமியிடம் வந்தார்கள். ராஜையன் எங்கள் மெம்பர், ரெஜிஸ்டரில் பெயர் இருக்கிறது, எங்கள் நிறத்தில் டைல்ஸ் ஒட்டிப் பெரிதாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள். அரைமணி கழித்துக் கீழ்ச்சந்து. அவர் உயிர் விட்டது எங்கள் தோழருக்காக, ஆகவே எங்கள் ரத்தசாட்சி என்றார்கள். வாசலில் இரண்டு கூட்டமும் சந்தித்துக்கொண்டன. குரல் ஏறியது. நான் சிரிப்புக்காகக் கட்டிய ஒரு செங்கல் குவியலால் மறுபடியும் கம்பு எழும்பப்போகிறது என்று பயந்து மாமியின் பக்கத்தில் போய் நின்றேன். அப்பா கடையை விட்டு இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மாமி தைத்துக்கொண்டிருந்த சாக்கை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "இந்த ஒச்சை எனக்குப் பழக்கம் உண்டு. அன்னைக்கும் இப்படித்தான் தொடங்கிச்சு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "அவரு நடந்தது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. நடுவுல நடந்தவரை இப்போ ஓரத்துக்கு இழுக்காதீங்க. போய் லாரியைப் பாருங்க, அரிசி நனையுது."

உண்மையிலேயே தூறிக்கொண்டிருந்தது. அவர்கள் போனார்கள் அண்ணா. அத்தனை பெரிய ஆட்கள், ஒருவர் பின்னால் ஒருவராக. இரண்டு யூனியனும் சேர்ந்து அந்த ஒரு லாரியை இறக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த லாரிக்கு வழக்கம்போல் சண்டை போட்டார்கள், வாயால் மட்டும்.

என் மண்டபத்தை உடைத்துவிடட்டுமா என்று மாமியிடம் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். கல்லில் என்ன எழுதுவது, எழுதுவதா வேண்டாமா, இதையெல்லாம் லிஜோதான் சொல்ல வேண்டும் என்றார். "அன்னைக்கு நான் அவன்கிட்ட கேக்காம முடிவு பண்ணினேன். அவனுக்குப் பேச்சு வரல்ல. இப்போ வரும். இந்தத் தடவை அவனுக்க சம்மதம் இல்லாம ஒண்ணும் வேண்டாம்." நீங்கள் வேண்டாம் என்றால் நானும் மாளவிகாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டியதுபோலவே இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பிரித்துவிடுவோம். அதற்கும் அவர் தயார். ஆனால் தினமும் காலையில் அந்தச் சாக்கின் மேல் விழுந்த தூசியை முந்தானையால் தட்டிவிட்டுத்தான் வேலைக்கு உட்காருகிறார். இது அவர் எழுதச் சொன்னது அல்ல, நான் பார்த்தது.

திரவியம் மாமன் விஷயம். நீங்கள் போவதற்கு முந்தின நாள் அவரை வாசலில் நிறுத்தி, இனி இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது, அப்பா இல்லாத வீட்டில் உமக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். சந்தே கேட்டது. தினமும் கிழிந்த சாக்குகளைச் சுமந்து வந்து போடுகிற வேலைதான், வேறு ஒன்றுமில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் படி ஏறுவதில்லை. சாக்குகளைத் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போகிறார், மழையானால் மேலே ஒரு தார்ப்பாய் போட்டுவிட்டு. மாமியும் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் போன் இரண்டு நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், நீங்கள் வைத்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பார்.

உங்களுக்கு எழுதப்போகிறேன், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று திரவியம் மாமனிடம் கேட்டேன். தலைத்துண்டை அவிழ்த்து முறுக்கினார். "லிஜோ மோன் எப்பமாச்சும் வந்தா, ஏர்போர்ட்டுல பெட்டியை நான் எடுத்துக்கட்டான்னு கேளு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். மண்டபத்துக்கு அந்த நிறம் நீ எதற்குப் பூசினாய் என்று என்னிடம் கேட்டார். வேறு நிறம் பாக்கி இல்லை மாமா என்றேன். "சரியாத்தான் அமைஞ்சிருக்கு" என்றார்.

மாமி தைத்த தையலைப் பற்றி ஒன்று. அது சங்கிலித் தையலாம். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் மொத்தமும் பிரிந்துவிடும், தப்பான நுனியை இழுத்தால் முடிச்சு இறுகிவிடும். எது சரியான நுனி என்று நான் கேட்டேன், காட்ட மாட்டேன் என்கிறார். உங்களுக்குத் தெரியுமாம். சின்னதில் சாக்குக் குவியலில் உட்காரவைத்து உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். வந்து நீங்களே இழுங்கள் அண்ணா. வர முடியாவிட்டால் ஒரு வரி எழுதுங்கள், உங்கள் கையெழுத்தில், தமிழில். இந்தத் தடவை அதை நான் குரல் ஏற்றாமல் வாசித்துக் காட்டுகிறேன், முகத்தையும் பார்க்கிறேன்.

என் மேல் கோபம் இருந்தால் அதைத் தனித்தாளில் எழுதவும். அதை மாமிக்கு வாசிக்க வேண்டியிருக்காது.

கடைசியாக உங்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மாமியிடம் இப்போது கேட்டேன். நூலைக் கோத்துக்கொண்டே யோசித்தார். "அங்கே குளிரு தொடங்கியிருக்கும். தலையை மூடாம வெளியே நடக்காதேன்னு எழுது. தலையைப் பத்திரமா வச்சுக்கணும்னு எழுது" என்றார். பிறகு, "கர்த்தர் அவனுக்கு முன்னாலயும் நடக்கட்டும், பின்னாலயும் நடக்கட்டும். பின்னால கண்டிப்பா நடக்கட்டும்" என்றார்.

அப்படியே எழுதிவிட்டேன்.

உங்கள் பதிலுக்குப் புளிமூட்டுத் தபாலாபீஸ் பக்கம் கண் வைத்திருக்கும்,
கடைப்படி மாணவி
ஜிஜி